பல்லில் படாத களி

எங்கள் பக்கத்தில் களியை யாரும் மெல்ல மாட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாதவர்களால் பாதித் தப்பு நடந்தது, நன்றாகத் தெரிந்த என்னால் மீதித் தப்பு நடந்தது. நொய் வெந்த உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிண்டி, ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைப்போம். ஓரத்தில் கிள்ளி, விரல் நுனியில் உருட்டி, குழம்பில் முக்கி, நாக்கின் பின்பக்கம் வைத்து அப்படியே விழுங்க வேண்டும். பல்லில் பட்டால் போச்சு, பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு மேலும் போகாது கீழும் போகாது. ஓசூர் பக்கத்தில் எங்கள் ஊரான பேரிகையில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தாய்ப்பாலை நிறுத்தும்போதே வந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. அவர் சாத்தூர்க்காரர், பெயர் அசோக்குமார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓசூரில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக வந்து சேர்ந்தார். என் அண்ணன் மணிகண்டனும் அங்கேதான், ஒரே ஷிப்ட். எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு அண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டோம். மனிதர் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்து மெல்ல ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. நாலு மெல்லுக்கு மேல் தாடை நகரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. பற்கள் எல்லாம் கறுப்பு. என் அப்பா கிருஷ்ணப்பன் ரொம்ப மரியாதையாக, "யாரும் சிரிக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்தோம். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்.

"இது மெல்றதுக்கு இல்லீங்க, முழுங்கறதுக்கு" என்றேன்.

பதில் சொல்ல அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார். சொம்போடு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, "ரொம்ப நல்லாருந்துச்சு" என்றார். அப்படி ஒரு பச்சைப் பொய்யை அவ்வளவு பணிவாகச் சொன்ன ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்தப் பொய்யில்தான் விழுந்தேன். ரெண்டு வீட்டிலும் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அப்புறம் கல்யாணம் நடந்தது.

பாகலூர் ரோட்டில் ஒற்றை அறை வாடகை வீடு. அங்கே உட்கார வைத்து அவருக்குக் களி விழுங்கக் கற்றுக்கொடுத்தேன். பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் ஒரு முழு உருண்டையை முடித்துவிட்டு, ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனவர் மாதிரி தட்டைத் தூக்கிக் காட்டினார். நான் என் அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

அவர் பங்குக்கு எனக்குக் காராச்சேவு கற்றுக்கொடுத்தார். சாத்தூரிலிருந்து அவருடைய அக்கா ஜோதிமணி மாதம் ஒரு கிலோ பஸ்ஸில் போட்டு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பேப்பரை விரித்துக் கொட்டி, ரெண்டு பேரும் எதிரெதிரே உட்காருவோம். அவர் மெல்லுகிற சத்தம் இருக்கிறதே, டிவியில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. எத்தனை தரம் திட்டியிருப்பேன். மனுசன் சாப்பிடுறீங்களா, மிஷின் ஓட்டுறீங்களா என்பேன். அவர் இன்னும் ரெண்டு சேவு எடுத்து வேண்டுமென்றே சத்தமாகக் கடிப்பார். மகள் வினிதா பிறந்து, அவளும் பல் முளைத்த பிறகு அப்பா பக்கம் சேர்ந்துகொண்டாள். அப்புறம் வீட்டில் எனக்கு மரியாதையே இல்லை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தை நாள். ஒரு கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்திருக்கிறது. கன்றுக்குட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. இவர் பிரேக் போட்டார், வண்டியோடு விழுந்து தாடை தரையில் மோதியது. ஆறு தையல் போட்டு அனுப்பினார்கள். காயம் ஆறியது. காதுக்கு முன்னால் உள்ளே எலும்பு உடைந்திருக்கும் என்று அவர்களும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது. முதலில் ஆப்பிள் கடிக்க முடியவில்லை. அப்புறம் கொட்டாவி விட முடியவில்லை. ஒரு வருஷத்தில் ஒரு விரல்கூட நுழையாத நிலை. உடைந்த எலும்பு மூட்டோடு சேர்ந்து ஒட்டிப் பாறை மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். பற்களுக்கு நடுவே ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி குடித்தார். நாலு மணி ஞாயிறு நின்றுபோனது. சத்தமில்லாத வீட்டில் டிவி தெளிவாகக் கேட்டது. எனக்கு அதை உடைத்துப் போடலாம் போல இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நான் அவ்வளவு ஏங்குவேன் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், திட்டின நாட்களில் பாதியாவது சும்மா இருந்திருப்பேன்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஒட்டின எலும்பை வெட்டி எடுத்துவிட்டு வலது பக்கம் செயற்கை மூட்டு வைத்தார்கள். பேரிங் மாத்திட்டாங்க என்று இவர் கம்பெனியில் சொல்லிக்கொண்டார். மூட்டு மாற்றினது பாதி வேலைதான், மீதி உங்களுடையது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஐஸ் குச்சிகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, தினம் வாயில் வைத்துத் திறந்து பழக வேண்டும். ஆறு வாரம் கழித்து மிருதுவான சாப்பாடு, அப்புறம் எல்லாம் மென்று சாப்பிட வேண்டும். மெல்லாவிட்டால் சதை இறுகி மறுபடி வாய் மூடும். பிறகு மறுபடி கத்திதான்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால்தான் ஆறாவது வாரம் அவரே, "களி கிண்டித் தாயேன்" என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

களி கிண்டினேன். எப்படிக் கிண்டினேன் தெரியுமா. ஒரு கட்டி இல்லாமல், கொள்ளுக் குழம்பு ஒரு நாள், கீரைக் கடைசல் ஒரு நாள். ஒரு உருண்டை, ஒன்றரை, அப்புறம் ரெண்டு. அஞ்சு நிமிஷத்தில் தட்டு காலி. கம்பெனிக்கும் டப்பாவில் களிதான். காலையில் கேழ்வரகுக் கூழ். இட்லி சுடட்டுமா என்றால் வேண்டாம், களியே உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்பார். உடம்பும் தேறியது. சாத்தூர்க்காரரை எங்கள் பேரிகைக் களிதான் எழுப்பி உட்கார வைத்தது என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொன்னேன். ஜோதிமணி அண்ணியிடமும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் பாவம், அழுதுவிட்டு மறு வாரமே காராச்சேவு அனுப்பினார். இவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனார். கூட்டாளிகளோடு சாப்பிடட்டும் என்று நானும் விட்டேன். அடுத்த மாதமும் அப்படித்தான், அதற்கடுத்த மாதமும்.

எட்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை செக்கப்புக்குப் போனோம். ஹரீஷ்குமார் என்று ஒரு சின்ன டாக்டர், சென்னைக்காரர். ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு படிவம் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுகிறீர்களா என்றார். ஆமாம் என்றார் இவர். சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது? அஞ்சு நிமிஷம். சாப்பிடும்போது வலி? இல்லை. சாப்பாட்டை நினைத்துக் கவலை? இல்லவே இல்லை. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் முழு மார்க் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, எனக்கே மார்க் போடுகிற மாதிரி இருந்தது. வயிறு நிறைய ரெண்டு உருண்டை சாப்பிடுவார் சார் என்று கேட்காததையும் சொன்னேன்.

அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி ஸ்கேல் வைத்து அளந்தார். முகம் மாறியது. மறுபடி அளந்தார். ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்தில் முப்பத்து நாலு மில்லிமீட்டர் திறந்த வாய் இப்போது இருபத்து நாலு. நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்கு எப்படிக் குறையும் என்று அவருக்கே புரியவில்லை. உள்ளே போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய டாக்டர் மண்டியா பக்கம். வயசானவர். படிவத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். அப்புறம் கன்னடத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் அப்படி என்ன சாப்பிடுகிறார் என்று. நான் முத்தெ என்றேன், கன்னடத்தில் களிக்கு அதுதான் பெயர். மூன்று வேளையுமா என்றார். காலையில் கூழ், மற்ற ரெண்டு வேளையும் அதுதான் என்றேன், இன்னும் பெருமை போகாமல்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்போ இவர் எட்டு மாசமா ஒரு வாய்கூட மெல்லலியேம்மா" என்றார் தமிழில்.

சின்ன டாக்டர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். களியை விழுங்குவார்கள் என்று மண்டியாக்காரருக்குத் தெரியும், சென்னைக்காரருக்கு எங்கே தெரியும். ஆனால் எனக்குத் தெரியுமே. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. பதினோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லில் படாமல் முழுங்குங்க, பல்லில் படாமல் முழுங்குங்க என்று சொல்லிக் கொடுத்த வாய் இது. திரும்பி இவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

மெல்லப் பழகுங்கள், மூன்று மாதம் பார்ப்போம், இருபதுக்குக் கீழே போனால் மறுபடி ஆபரேஷன்தான் என்றார் பெரிய டாக்டர். ஏன் மெல்லவில்லை என்று ரெண்டு தரம் கேட்டார். இவர் பழக்கம் விட்டுப்போச்சு சார் என்று மழுப்பிவிட்டார்.

ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் அவருக்குத் தாங்காது, கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சந்தாபுரம் தாண்டினதும் என் கையைத் தொட்டார்.

"சத்தம் வருது சுகுணா" என்றார்.

என்ன சத்தம் என்றேன், அவர் பக்கம் திரும்பாமலே.

"மெல்லும்போது. காதுக்குள்ள டக், டக்னு. ஆறாவது வாரம் ஒரு இட்லியக் கடிச்சேன், அப்ப கேட்டுச்சு. பேரிங் போகப்போகுதுன்னா முதல்ல அப்படித்தான் சத்தம் வரும். அதோட ஓட்டுனா மொத்தமும் போயிரும். அதான் நிறுத்திட்டேன்."

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் கழற்றிவிட்டு மறுபடி ஆபரேஷன் என்பார்கள், அவ்வளவு செலவையும் வலியையும் உன்னை மறுபடி பார்க்க வைக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றார். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனியில் அவர் வேலையே அதுதான். மிஷின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால் சிவப்புப் பட்டனை அழுத்தி லைனையே நிறுத்திவிடுவார். மேனேஜரே வந்து கேட்டாலும் ஓட்ட விடமாட்டார். அதே மாதிரி தன் வாயையும் நிறுத்திவிட்டார். மறைக்க ஒரு சாப்பாடு வேண்டியிருந்தது. அதை நான் வேளாவேளைக்குக் கிண்டிக் கொடுத்திருக்கிறேன். காராச்சேவு எல்லாம் என்ன ஆனது என்றேன். அப்படியே கம்பெனியில் கொடுத்துவிடுவேன் என்றார். அவர்கள் கடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன் என்றார். என் கோபம் அதோடு தீர்ந்தது.

அத்திப்பள்ளியில் பஸ் நின்றது. "எறங்குங்க" என்றேன். ஓசூர் இன்னும் வரவில்லையே என்றார். எறங்குங்க என்று மறுபடி சொன்ன குரலில் கண்டக்டரே வழிவிட்டார். எதிர்ப்பக்கம் போய் வந்த வழியே பஸ் பிடித்தோம்.

பெரிய டாக்டர் கிளம்புகிற நேரம். வாசலிலேயே மறித்துச் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். காதுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தார். மூட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது, திருகுகள் இறுக்கமாக இருக்கின்றன, வீக்கம் இல்லை, வலி இல்லை. சத்தம் புது மூட்டிலிருந்து வரவே இல்லை, இடது பக்கத்துப் பழைய மூட்டிலிருந்து வருகிறது, அதுவும் இத்தனை நாள் வேலையில்லாமல் கிடந்ததுதானே, பழகப் பழகக் குறையும், வலி வந்தால் மட்டும் வாருங்கள் என்றார். இவர் எக்ஸ்ரேயில் திருகுகளை ஒன்றொன்றாக எண்ணிப் பார்த்தார். முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

நான்தான் கேட்டேன். "எட்டு மாசம் நிறுத்தி வெச்ச மிஷினை முதல் நாள் ஓட்டுனா சத்தம் வராதுங்களா?"

எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுத்தார் இவர். வரும் என்றார். அப்போ என்ன செய்வீங்க என்றேன். லோடு இல்லாமல் மெதுவாக ஓட விடுவோம் என்றார். பெரிய டாக்டர் சிரித்தபடி அதையேதான் நானும் சொல்கிறேன் என்றார். என்ன லோடு, எதில் ஆரம்பிப்பது என்று இவர் கேட்க, வாயில் வைத்தால் மிருதுவாக இருக்க வேண்டும், ஆனால் மெல்லாமல் உள்ளே போகக்கூடாது என்றார்.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் களி கிண்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக, அவரைக்கொட்டைக் குழம்போடு. ரெண்டு தட்டு வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பழக்கத்தில் கிள்ளி, உருட்டி, முக்கி, நாக்கின் பின்னால் கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"முழுங்காதீங்க. மெல்லுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் என் தட்டில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்து, அவருக்கு முன்னால் மென்றேன். நாற்பத்து நாலு வயசில் முதல் தடவை. என் அப்பா பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பார். அப்படி ஒரு கண்றாவி. மேல்பல்லில், கீழ்பல்லில், கன்னத்தின் உள்ளே, எல்லா இடமும் ஒட்டிக்கொண்டது, இனி மென்றால்தான் உள்ளே போகும். அன்றைக்கு நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவரும் ஒரு துண்டை இடது பக்கம் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தாடை ஒரு தரம் இறங்கி ஏறியது. ரெண்டாவது தரம். மூன்றாவதில் சட்டென்று நின்று கண்ணைத் திறந்தார். சத்தம் வந்திருக்கிறது. நான் கை நீட்டி, அவர் காதுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் விரலை வைத்தேன், டாக்டர் வைத்த மாதிரியே. வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அப்போ ஓட்டுங்க என்றேன்.

தாடை மறுபடி நகர்ந்தது. என் இடது பக்க விரல், வலது பக்க விரல் ரெண்டுக்கும் அடியில் அது நகர்வது தெரிந்தது. அஞ்சு, ஆறு, ஏழு. எட்டாவதில் களி ஒட்டிக்கொண்டது. பற்கள் கறுத்து, கண்ணில் தண்ணீர் கட்டி, வாயைத் திறக்க முடியாமல், அன்றைக்குப் பண்டிகையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த அதே மூஞ்சி. நரைத்த மீசை மட்டும் புதுசு. என்னால் அடக்க முடியவில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், என் பல்லும் கறுப்பு என்று மறந்துபோய். அதைப் பார்த்து அவருக்கும் தோள் குலுங்கியது.

கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார்.

சொம்பை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மென்று முடிங்க, தருகிறேன் என்றேன். முறைத்தார். அப்புறம், மெதுவாக, மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார்.